கோப்புகளுக்கும் முன்னாதாரம் வேண்டும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியல் பக்கம் ஒரு வாசகசாலை. இளைஞர்கள் சிலர் சேர்ந்து மூன்று வருடமாக ஊர்ப் பழமைகளை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஓலைச்சுவடி, பழைய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்), கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸ், சர்ச் விழா மலர், வில்லுப்பாட்டு கேசட், குடும்பப் படங்கள் என்று 1,400 கோப்புகள் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிடக்கிறது. எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்பது எடுத்தவர் தலைக்குள்தான் இருக்கிறது, அவர் இப்போது வளைகுடாவில் வேலையில் இருக்கிறார். "இந்தத் தொடர்புகளை எப்படிப் பதிந்து வைப்பது? எந்த மென்பொருள் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் கடைசியில். நூலகங்களில் பட்டியல் எழுதியே காலம் கழித்தவன் நான். மென்பொருளை முதலில் வாங்கி, தொடர்பைப் பிறகு யோசித்த இடங்களில் என்ன ஆனது என்று பார்த்திருக்கிறேன்.

தொடர்பு பதிவது எப்படி என்பதற்கு நம் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. பத்திரத்தை நம் பக்கத்துப் பழையவர்கள் ஆதாரம் என்றுதான் சொல்வார்கள். ஏதாவது ஓர் ஆதாரத்தை எடுத்து வாசியுங்கள். விற்பவர், வாங்குபவர் பெயர் முடிந்ததும், இந்த வஸ்து (சொத்து) எனக்கு எப்படி வந்தது என்று ஒரு பகுதி வரும். இன்ன வருடம், இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில், இன்ன எண்ணாகப் பதிந்த கிரயப்படி என்றோ, பாகப்படி என்றோ எழுதியிருக்கும். அதுதான் முன்னாதாரம். 1958 ஆதாரம் 1931 ஆதாரத்தின் எண்ணைச் சொல்லும். 1931 ஆதாரத்துக்கோ 1958-இல் என்ன நடக்கப் போகிறது என்று தெரியாது. பழையதிலிருந்து புதியதற்கு வரவேண்டுமானால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத எண் உண்டு. தொடர்பு என்ன வகை என்று (கிரயமா, பாகமா, இஷ்டதானமா) தெளிவாக எழுதியிருக்கிறது. அப்புறம், தொடர்பு ஒரு பக்கத்தில் மட்டும், பின்னால் வந்த ஆவணத்தில் மட்டும் எழுதப்படுகிறது. மறுபக்கம் தேவைப்படும்போது தேடி எடுக்கப்படுகிறது. டிஜிட்டல் நூலகத்தில் பொருள்களுக்கு இடையேயான உறவை நிர்வகிப்பது என்று புத்தகங்களில் பெரிதாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதில் கை சுட்டவன். ஒரு கல்லூரித் திட்டத்தில் இதழ்களைப் பட்டியல் இட்டோம். இதழின் பதிவில் "இதில் உள்ள கட்டுரைகள்" என்று ஒரு கட்டம், கட்டுரையின் பதிவில் "இது வந்த இதழ்" என்று ஒரு கட்டம். இரண்டையும் ஆள்கள் கையால் நிரப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தாய் பக்கம் பிள்ளை பெயர் இருக்கிறது, பிள்ளை பக்கம் தாய் பெயர் இல்லை. சில பிள்ளைகளுக்கு இரண்டு தாய். திருத்த உட்கார்ந்தபோது எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. கட்டுரையில் மட்டும் எழுதியிருந்தால், இதழின் கட்டுரைப் பட்டியலைக் கணினியே எடுத்துக் கொடுத்திருக்கும். சிறியது பெரியதைச் சொல்லட்டும், பிந்தியது முந்தியதைச் சொல்லட்டும். மறுதிசை கணினியின் வேலை.

சரி, உங்கள் 1,400-க்கு வருவோம். அது 1,400 கோப்பு, 1,400 பொருள் அல்ல. 86 பக்க நோட்டு ஒன்றை ஸ்கேன் செய்தால் 86 படம், பொருள் ஒன்றுதான். முதலில் இதை எண்ணிப் பிரியுங்கள், பாதி மலைப்பு தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கு-0001, கு-0002 என்று போய்க்கொண்டே இருக்கட்டும். எண்ணுக்குள் ஊர் பெயர், தாலுகா, வருடம் எதையும் திணிக்காதீர்கள். "இரணியல்_கொடை_1987_புதுசு_ஃபைனல்2" என்று ஒரு கோப்பைப் பார்த்தேன் என்று வையுங்கள், அது 1986 கொடை என்று நாளைக்குத் தெரிந்தால் பெயரை மாற்றுவீர்கள், பெயரைப் பிடித்துக் கட்டிய தொடர்பெல்லாம் அறுந்துவிடும். எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் இருப்பதுதான் அதன் நல்ல குணம். ஒரு பொருளை நீக்க நேர்ந்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். "இது கு-0233-உடன் சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரி அங்கே நிற்கட்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இசக்கியம்மன் கதை நாலைந்து இடத்தில் வருகிறது. அதையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஏடு இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய கோடு போட்ட நோட்டு ஒன்று. கொடையில் விடிய விடியப் பாடியதைப் பிடித்த ஆறு கேசட், அதாவது பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு எம்பி3. வில்லுப்பாட்டுக் குழுவின் படம் ஒன்று, அந்தக் கொடையின் நோட்டீஸ், வரி பிரித்த கணக்கு நோட்டு. இவை "ஓலை", "ஆடியோ", "போட்டோ", "கோயில்" என்று நாலு ஃபோல்டரில் சிதறிக் கிடக்கின்றன. ஃபோல்டரின் கோளாறே இதுதான், ஒரு பொருள் ஓர் இடத்தில்தான் உட்காரும்.

இங்கே நான் முதலில் செய்வது, கையில் இல்லாத இரண்டு பொருளுக்குப் பதிவு எழுதுவது. ஒன்று, அந்தக் கதை. ஏடும் அல்ல, கேசட்டும் அல்ல, கதையேதான். சிலர் அதை நீலி கதை என்பார்கள், சிலர் இசக்கியம்மன் கதை என்பார்கள். இரண்டு தலைப்பும் அந்த ஒரே பதிவுக்குள் இருக்கட்டும். இரண்டாவது, அந்தக் கொடை. அதுவும் ஒரு நிகழ்ச்சியாகத் தனிப் பதிவு. ஏன் என்றால், கொடையைச் சேர்ந்த கேசட், படம், நோட்டீஸ், கணக்கு நோட்டு, செலவுச் சீட்டு என ஐந்து பொருள் இருந்தால், ஒன்றை ஒன்றோடு கட்டப் பத்து முடிச்சு வேண்டும். இருபது பொருள் இருந்தால் 190 முடிச்சு. நடுவில் கொடை என்ற ஒரு பதிவை வைத்தால் இருபது பொருளுக்கு இருபது முடிச்சு போதும். புதிதாக ஒரு படம் கிடைத்தால் இன்னும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "கொல்லம் 1118 ஆவணி மாதம், ஏட்டைப் பார்த்து எழுதி முகிந்தது" என்று இருக்கிறது (முகிந்தது என்றால் முடிந்தது). பல பேர் இதைப் பொழுதுபோக்காக வாசித்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். உறவு என்பது இந்த வரிதான். நோட்டு, "பார்த்து எழுதியது", ஏடு. சான்று, நோட்டின் கடைசிப் பக்கம். ஆனால் எந்த ஏடு? உங்களிடம் இருக்கும் ஏடுதானா, வேறு வீட்டு ஏடா? பிழைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. ஏட்டில் ஒரு வரி விட்டுப்போன இடத்தில் நோட்டிலும் அதே வரி விட்டுப்போயிருந்தால் நம்பலாம். அதுவரை "இருக்கலாம்" என்று பதியுங்கள். உறவுக்கும் உறுதி, ஐயம் என்று தரம் உண்டு.

கேசட்டுக்கு வேறு சிக்கல். பன்னிரண்டு எம்பி3-யும் ஒரு பதிவின் பகுதிகள் என்று எழுதினால் மட்டும் போதாது, வரிசையும் எழுத வேண்டும். பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தும் பல மென்பொருள் 1-க்குப் பிறகு 10, 11, 12 போட்டுவிட்டு அப்புறம்தான் 2-க்கு வரும். இப்படி ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காப்புப் பாடி முடித்ததும் கதை முக்கால் பங்கைத் தாண்டிக் குதித்து, வாழி பாடி முடித்துவிட்டு, மறுபடியும் பிறப்புக்கு வந்தது. முதலில் அண்ணாவியின் (தலைமைப் பாடகரின்) புதுமை என்றே நினைத்தேன். பகுதி என்ற உறவோடு "எத்தனையாவது" என்ற எண்ணும் சேர்ந்தே போக வேண்டும்.

ஆக, இரண்டு அட்டவணை. ஒன்றில் பொருள்கள், இன்னொன்றில் உறவுகள். உறவு அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு கட்டம்: இந்தப் பொருளின் எண், உறவின் வகை, அந்தப் பொருளின் எண், வரிசை இருந்தால் அது, சான்று, உறுதியா ஐயமா, பதிந்தவர், பதிந்த தேதி. பதிந்தவர் பெயர் எதற்கு என்று கேட்காதீர்கள். பத்து வருடம் கழித்து இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது தெரியும்.

உறவின் வகைகளைப் பெருக்காதீர்கள். 1995-இல் டப்ளினில் (அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ளது) கூடி உருவாக்கிய டப்ளின் கோர் என்ற ஏற்பாட்டில் மொத்தம் பதினைந்தே கூறுகள். உறவுக்கென்று அதில் "ரிலேஷன்" என்று ஒன்று உண்டு. பிறகு அதைப் பிரித்து, பகுதி, வடிவ மாற்றம், பதிப்பு மாற்றம், மேற்கோள், பதிலாக வந்தது என்று வகைப்படுத்தினார்கள். உங்களுக்கு ஏழு போதும்: பகுதி, படியெடுத்தது, மொழிபெயர்ப்பு, தழுவல், நிகழ்த்தல், நிகழ்ச்சியைச் சேர்ந்தது, குறிப்பிடுகிறது. "தொடர்புடையது" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வகையை மட்டும் திறந்துவிடாதீர்கள். திறந்தால் எல்லாரும் அதிலேயே கொட்டுவார்கள்.

மொழிபெயர்ப்பும் தழுவலும் ஏன் தனித்தனி என்று கேட்கலாம். இதற்குத் தேரூர்க்காரர் கவிமணியை விட நல்ல உதாரணம் கிடையாது. உமர் கய்யாம் பாரசீகத்தில் பாடினார். ஃபிட்ஸ்ஜெரால்டு 1859-இல் ஆங்கிலத்தில் தந்தார். அதில் 75 பாடல். அவரே 1868-இல் திருத்தி வெளியிட்டபோது 110 ஆயிற்று, 1872-இல் 101 ஆகக் குறைந்தது. இந்த ஆங்கில வழியில்தான் கவிமணியின் தமிழ்ப் பாடல்கள் வந்தன. இப்போது உங்கள் வாசகசாலை அலமாரியில், அட்டை கிழிந்து, உள்ளே யாரோ பென்சிலில் கோடு போட்ட ஒரு பிரதி இருக்கிறது. "உமர் கய்யாம்" என்று ஒரே பதிவாகப் போட்டால் இவை எல்லாம் குழம்பிவிடும்.

நூலகச் சங்கங்களின் உலக அமைப்பான இஃப்லா 1998-இல் இதற்கு ஒரு மாதிரி கொடுத்தது. நாலு படி: படைப்பு, அது மொழியிலோ குரலிலோ எடுத்த வடிவம், அச்சாகி வந்த பதிப்பு, கையில் இருக்கும் பிரதி. 2017-இல் இதையும் இதன் தம்பிகளையும் சேர்த்து எல்.ஆர்.எம். என்று ஒன்றாக்கினார்கள். தமிழில் சொன்னால் எளிதுதான். பென்சில் கோடு பிரதியின் விஷயம். அச்சுப்பிழை பதிப்பின் விஷயம். சொல் தேர்வு வடிவத்தின் விஷயம். கதையும் கருத்தும் படைப்பின் விஷயம். எந்த விஷயத்தைச் சொல்கிறீர்களோ அந்தப் படியில் உறவைக் கட்டுங்கள்.

நேரடி மொழிபெயர்ப்பு என்றால் அதே படைப்பின் இன்னொரு வடிவம். சுதந்திரமாகத் தழுவி எழுதியது என்றால் புதுப் படைப்பு, பழையதோடு தழுவல் உறவு. பட்டியலாளர்களின் பொது வழக்கம் இது. கவிமணியுடையதை நான் தழுவல் பக்கமே வைப்பேன். அது தமிழ்ப் பாட்டாகவே நிற்கிறது. ஆசிய ஜோதியும் அப்படியே, எட்வின் ஆர்னால்டின் 1879 ஆங்கிலக் காவியத்தைத் தழுவியது. நண்பர் ஒருவர் இதில் என்னோடு சண்டைக்கு வருவார், வரட்டும். ஃபிட்ஸ்ஜெரால்டின் எந்தப் பதிப்போடு கட்டுவது என்பது வேறு கேள்வி. முன்னுரையிலோ குறிப்பிலோ சான்று கிடைக்கும்வரை பதிப்போடு கட்டாமல் மேலே உள்ள படைப்போடு மட்டும் கட்டுங்கள். சான்று எந்தப் படி வரை வருகிறதோ அந்தப் படியில் நிறுத்திக்கொள்வது நல்லது.

படியெடுத்தல் சங்கிலி எவ்வளவு நீளும் என்பதற்கு முஞ்சிறைக்குப் பக்கத்துப் பார்த்திபசேகரபுரம் செப்பேட்டைச் சொல்லலாம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் கோயிலும் சாலையும் (கல்விச்சாலையும்) அமைத்துக் கொடுத்த ஏடு. திருவனந்தபுரம் ஹுஸூர் ஆபீஸில் இருந்ததால் ஹுஸூர் ஆபீஸ் செப்பேடு என்றும் பெயர். டி.ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் இதன் பாடம் வந்தது. ஆகவே செப்பேடு, அச்சான பாடம், அந்தத் தொகுதியின் ஸ்கேன், ஸ்கேனிலிருந்து எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) எடுத்த உரை, அதை ஒருவர் திருத்தித் தட்டச்சிட்டது என்று ஐந்து கண்ணி. இணையத்தில் பலர் ஐந்தாவதை எடுத்துவிட்டு முதலாவதைப் பார்த்ததாக எழுதிவிடுகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதைச் சொல்லும்படி பதிந்தால், ஓர் எழுத்து தப்பாக இருக்கும்போது எந்தக் கண்ணியில் தப்பியது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்கலாம்.

இந்தச் செப்பேட்டுக்குள்ளேயே ஓர் அழகான உறவும் இருக்கிறது. சாலையில் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம் வைத்த மன்னன், நடைமுறை காந்தளூர்ச் சாலையின் வழக்கப்படி என்கிறான். விதியை முழுக்கத் திரும்ப எழுதாமல், அங்கே இருப்பதைப் பார்த்துக்கொள் என்று சுட்டிவிட்டான். "குறிப்பிடுகிறது" என்ற வகைக்கு ஒன்பதாம் நூற்றாண்டு உதாரணம். அதில் உள்ள ஆபத்தும் தெரிகிறது பாருங்கள்: சுட்டப்பட்டது கையில் இல்லாவிட்டால் சுட்டியவன் சொன்னதும் பாதிதான் விளங்கும். வெளியே உள்ள தளத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்போடு தலைப்பு, தொகுதி, பக்க எண் மூன்றையும் எழுத்திலும் வையுங்கள்.

ஊர்ப்பெயர், வருடம் இரண்டும் நம் மாவட்டத்தில் கொஞ்சம் படுத்தும். 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே பழைய ஆவணம் மலையாளத்தில் ஒரு பெயரும், பிந்தியது தமிழில் ஒரு பெயரும், ஆங்கிலத்தில் இன்னொன்றும் சொல்லும். இரணியல் ஒரு காலத்தில் தனித் தாலுகா. பின்னால் கல்குளத்துக்குள் போனது. திருச்சாரணத்துமலை என்று கல்வெட்டுக்காரர்கள் எழுதுவது நமக்குச் சிதறால். ஊருக்கும் ஓர் எண் கொடுத்துத் தனிப் பதிவாக்குங்கள், எல்லாப் பெயரும் அதற்குள் இருக்கட்டும், எந்தத் தாலுகாவில் எந்தக் காலத்தில் என்பதை உறவாக எழுதுங்கள். பொருளின் பதிவில் ஊர்ப் பெயரைத் தட்டச்சிடாமல் ஊரின் எண்ணைப் போடுங்கள்.

கொல்லம் ஆண்டை ஆவணத்தில் இருக்கிறபடியே ஒரு கட்டத்திலும், ஆங்கில வருடத்தை அடுத்த கட்டத்திலும் எழுதுங்கள். ஆவணி தொடக்கம் டிசம்பர் கடைசி வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825. அந்த நோட்டின் 1118 ஆவணி, 1942 ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஐப்பசியில் நடந்த கொடை அடுத்த வருடத்துக்குப் போய்விடும், அதே கொடையின் நோட்டீஸும் படமும் இரண்டு வருடத்தில் நிற்கும்.

எதைக் கட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டுப் பழைய ஓலைகளில் அடிமை ஆள்களை விற்றதும் ஒற்றி வைத்ததும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிப்பு முழுமையாக அறிவிக்கப்பட்டது 1855-இல்தான். அந்த ஓலைகள் வரலாற்றுக்கு வேண்டும், வெளியே வரட்டும். ஆனால் ஓலையில் வரும் வீட்டுப் பெயரை எடுத்து, இன்று அதே தெருவில் இருக்கும் குடும்பத்தின் கல்யாணப் படத்தோடு உறவு கட்டாதீர்கள். தனித்தனியாக இருக்கும்போது வெறும் தகவலாக இருந்தது, சேர்த்துக் கட்டியதும் ஒருவரை நோக்கி விரல் நீட்டுவதாகிவிடும். பொதுவில் காட்டாமல் பூட்டி வைத்த பொருளுக்கும் கவனம் வேண்டும். பொருளைப் பூட்டிவிட்டு உறவைத் திறந்து வைத்தால், "இன்னாரின் பாக ஆதாரம், பார்க்க அனுமதி இல்லை" என்று தலைப்பே ஊருக்குச் சொல்லிவிடும். பூட்டினால் உறவையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

மென்பொருள் என்ன என்றால், முதல் ஆறு மாதத்துக்கு விரிதாள் போதும். பொருள்களுக்கு ஒரு தாள், உறவுகளுக்கு ஒரு தாள். அது ஒழுங்கானால் எங்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். அடுத்து நான் ஓமேகா எஸ் என்பேன். இலவசம், ஒரு பொருளின் பதிவிலிருந்து இன்னொரு பொருளை வகை சொல்லிச் சுட்டலாம், மறுதிசையைத் தானே காட்டும். டிஸ்பேஸ், எம்.ஐ.டி.யும் எச்.பி.யும் சேர்ந்து 2002-இல் வெளியிட்டது, கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து ஆள், நிகழ்ச்சி போன்றவற்றைத் தனிப் பதிவாக்கி உறவு வைக்கவும் முடியும். ஆனால் அதற்குச் சர்வர் பார்க்க ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். வாசகசாலைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, விரிதாளுக்கும் முன்னால். வளைகுடாவில் இருப்பவரைப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு லீவு இருக்கும். வாரம் பத்துப் படம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்த வீட்டில் எடுத்தது, கூட என்ன இருந்தது, யார் கொடுத்தார்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். தட்டச்சிட்டுக் கொண்டிருக்க மாட்டார், குரலில்தான் பதில் போடுவார். அந்தக் குரல் செய்தியை அழித்துவிடாதீர்கள். இறக்கி வைத்து, அதற்கும் ஒரு கு-எண் கொடுத்து, உறவுத் தாளில் சான்று என்ற கட்டத்தில் அந்த எண்ணை எழுதுங்கள்.